சர்க்கரை மாத்திரையும் கழிப்பறைச் சாவியும்

எங்கள் பள்ளியில் ஆசிரியைகளின் கழிப்பறைச் சாவி தலைமையாசிரியரின் அறையில் தொங்கும். அவருடைய நாற்காலிக்கு நேர் பின்னால் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் சாவி. சாவி தொலைந்துவிடக் கூடாது என்று அதில் ஒரு மரக்கட்டை. போக வேண்டுமென்றால் வாசலில் நின்று "சார்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அவர் எழுதுவதை நிறுத்தாமல், தலை நிமிராமல், நாற்காலியில் சற்று முன்னால் குனிந்து வழிவிடுவார். நாங்கள் அவர் தலைக்கு மேலே கையை நீட்டி எடுத்துக்கொள்வோம். எதிரே பெற்றோர் உட்கார்ந்திருந்தாலும் சரி, தாளாளரே உட்கார்ந்திருந்தாலும் சரி, இதே நடைமுறைதான். பிறகு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடக்க வேண்டும். டீச்சர் எங்கே போகிறார் என்று எல்லா வகுப்பு ஜன்னல்களுக்கும் தெரியும்.

அதனால் நாங்கள் போவதில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது எப்படி, பாடம் நடத்தித் தொண்டை வறண்டால் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்வது எப்படி, இதெல்லாம் பி.எட். படிப்பில் சொல்லித் தருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நாங்களாகக் கற்றுக்கொள்வோம். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். நாங்கள் இரண்டையும் அடக்கத் தெரிந்தவர்கள்.

நான் தமிழ் ஆசிரியை. வீடு அவனியாபுரத்தில், பள்ளி கொட்டாம்பட்டிப் பக்கம். விடிந்ததும் விடியாததுமாக டவுன் பஸ் ஏறி மாட்டுத்தாவணி போய், அங்கே திருச்சி பஸ் பிடித்து, மேலூர் தாண்டிப் போக வேண்டும். காலைச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிட்டால் பஸ்ஸில் வயிறு என்ன செய்யுமோ என்ற பயத்தில் டப்பாவில் போட்டுக்கொண்டு போய் முதல் இடைவேளையில் சாப்பிடுவேன். வீட்டில் அரை டம்ளர் காப்பி மட்டும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமைகூட இருந்தது. என் உடம்பு நான் சொன்னபடி கேட்கும் என்று சொல்லிக்கொள்வேன்.

கோடை விடுமுறையில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நான் பெரிதாக அதிர்ச்சியடையவில்லை. என் அம்மாவுக்கு இருந்தது. மாத்திரையை விட்டுவிட்டு, பாகற்காய்ச் சாறு போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, கடைசியில் கால் விரல்களில் தொடங்கி முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டியதாயிற்று. அம்மாவின் ஒற்றைச் செருப்பை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் அழுதிருக்கிறேன். ஆகவே டாக்டரம்மா மாத்திரை எழுதியபோது மறுபேச்சுப் பேசவில்லை. "சாப்பாட்டோட போடுங்க டீச்சர்" என்றார். விடுமுறையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுப் போட்டேன். வயிறு கொஞ்சம் கடமுடா என்றது, அவ்வளவுதான். பள்ளி திறக்கும் சமயத்தில் சர்க்கரை இன்னும் இறங்கவில்லை என்று காலைக்கும் இரவுக்குமாக அளவைக் கூட்டினார்.

பள்ளி திறந்தது. நான் பழையபடி விடியலில் எழுந்து, அரை டம்ளர் காப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடினேன். காப்பியும் வயிற்றுக்குள் போவதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிவது போல இருந்தது. மாணவிகளிடம் "மனப்பாடம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நடக்கவும் முடியாது, ஓடவும் கூடாது. தலைமையாசிரியர் அறையில் ஒரு தகப்பனார் மாற்றுச் சான்றிதழ் கேட்டு உட்கார்ந்திருந்தார். "சார்." அவர் குனிந்தார். எடுத்துக்கொண்டு போனேன். சாவியைத் திருப்பி மாட்டிவிட்டு வகுப்புக்கு வந்து உட்காரவில்லை, மறுபடியும் பிழிந்தது. மறுபடியும் "சார்". மூன்றாம் முறை போனபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன டீச்சர், சாவிய ஒங்க பேருக்கே எழுதி வச்சிரலாமா?"

அந்தத் தகப்பனார் மரியாதைக்குச் சிரித்தார். தலைமையாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. ஆசிரியர்கள் யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் ஸ்கூட்டரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர். ஆனாலும் அன்று அந்த மரக்கட்டையை அவர் தலையிலேயே போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அவசரம் என்னைக் காப்பாற்றியது. அவரையும்தான்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். என் வீட்டுக்காரர் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சமையலறையைத் தன் புது ஆபீஸாக்கிக்கொண்டவர். அவர் மாதுளம் பழத்தோலைக் காயவைத்துப் பொடித்து மோரில் கலந்து கொடுத்தார். எதிர்வீட்டுக்காரி, "மாட்டுத்தாவணியில தின்ன வடைதேன்" என்றாள். நான் அங்கே வடை தின்றதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஜெபிக்க வந்த ஓர் அம்மா என் வயிற்றின் மேல் கைவைத்து, உள்ளே இருப்பதை வெளியே போகும்படி உரத்த குரலில் கட்டளையிட்டார். வெளியே போவதுதானே அம்மா பிரச்சினை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

மாத்திரையாக இருக்குமோ என்று எனக்குத்தான் கடைசியில் தோன்றியது. மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்திருந்தார்கள். பெயர் இருந்த பாதி வேறு யார் வீட்டிலோ இருந்தது. டாக்டரின் சீட்டை எடுத்துப் பெயரைக் கூட்டிப் படித்து போனில் தேடினேன். பக்க விளைவு என்ற இடத்தில் முதல் வரியிலேயே இருந்தது: வயிற்றுப்போக்கு. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை என்பது இதுதான்.

என்னோடு மாட்டுத்தாவணியிலிருந்து வரும் அறிவியல் டீச்சர் சின்னப் பெண், புதிதாகக் கல்யாணம் ஆனவள். விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"அப்ப மாத்திரைய நிறுத்திருங்கக்கா. எங்க சித்தப்பா அப்பிடித்தேன் நிறுத்துனாரு. இப்ப நல்லாத்தான் இருக்காரு."

"இப்ப நல்லாத்தான் இருப்பாரு" என்றேன். "எங்கம்மாவும் கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்தாங்க."

அப்புறம் ஒரு நாள் காலை, பஸ்ஸில். மேலூர் ஸ்டாண்டிலேயே வயிறு எச்சரித்தது. இறங்கிக் கட்டணக் கழிப்பறைக்குப் போய் வந்தால் வண்டி போய்விடும், முதல் மணியும் போய்விடும். பொறுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். வண்டி நான்குவழிச் சாலையில் ஏறி வேகமெடுத்ததும் தெரிந்துவிட்டது, பொறுக்க முடியாது என்று. முதுகெல்லாம் வேர்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கண்டக்டரிடம் போனேன். தினமும் பார்க்கும் பையன்தான். என் பிள்ளை வயது இருக்கும். என்ன சொல்வது? "உடம்பு சரியில்லை" என்றால் ஜன்னலோரம் உட்காரச் சொல்வான். "தலை சுற்றுகிறது" என்றால் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று யாரையாவது கேட்பான். நாசூக்காகப் பேசுவதற்கெல்லாம் நேரம் இல்லை.

"தம்பி, வண்டிய நிறுத்துங்க. எனக்கு வயித்தால போகுது."

அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. விசில் ஊதினான். "அண்ணே, முன்னாடி பங்க்ல ஓரங்கட்டுங்க. டீச்சரம்மாவுக்கு முடியல." பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றது. நான் இறங்கி ஓடினேன். ஆம், ஓடினேன். பின்னால் யாரோ ஒருவன், கம்பெனிக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டது கேட்டது. "நாளைக்கு ஒனக்கு வந்தாலும் நாந்தேன் மாப்ள நிறுத்தணும். பேசாம ஒக்காரு" என்று கண்டக்டர் சொன்னதும் கேட்டது.

திரும்பி வந்து ஏறியபோது பஸ் முழுக்க என்னைப் பார்க்கும் என்று நினைத்தேன். ஒரு பாட்டி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையைச் சொன்னால் செத்துவிடுவேன் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். சொன்னேன், ஒரு பெரிய பஸ் நின்றது. எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதும்மா. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துரு. இன்னைக்கு பங்க் இருந்துச்சு, நாளைக்கு இல்லேன்னா? இம்புட்டு அசிங்கப்பட்டு என்னத்துக்கு இந்த வேலை?"

அவர் அன்பினால்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. அறிவியல் டீச்சர் மாத்திரையை விடச் சொல்கிறாள், இவர் வேலையை விடச் சொல்கிறார். மாத்திரையை விட்டால் அம்மாவின் ஒற்றைச் செருப்பு. வேலையை விட்டால் நான் யார்? கரும்பலகையின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு நான் முழு ஆளாகத் தெரிகிறேன். அதை ஒரு வயிற்றுவலிக்காக விட்டுக்கொடுப்பேனா?

"ரெண்டையும் விட மாட்டேன்" என்றேன். "மாத்திரையவும் விட மாட்டேன், வேலையவும் விட மாட்டேன். வேற எதையாச்சும் விடச் சொல்லுங்க, யோசிக்கிறேன்."

"அப்ப என்னையத்தேன் விடணும்" என்று சொல்லிவிட்டு அவர் டம்ளரைக் கழுவப் போனார்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் முதலில் கேட்டது இதுதான்: "காலையில என்ன சாப்பிட்டுட்டு மாத்திரை போடுறீங்க?"

"காலையில எங்க டாக்டர் சாப்பிடுறது? அரை டம்ளர் காப்பி. டிபன் ஸ்கூல்ல போய்த்தான்."

"சாப்பாட்டோட போடணும்னு சொன்னேனே. வெறும் வயித்துல போட்டா வயித்தக் கலக்காம என்ன செய்யும்? அதுலயும் டோஸ் வேற கூட்டியிருக்கேன். ஏன் டீச்சர் வீட்டுல சாப்பிட மாட்டேங்குறீங்க?"

பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். ஆணியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தண்ணி?"

"ரெண்டு மடக்கு. மிஞ்சிப்போனா மூணு."

"வயித்தால போறப்ப ஒடம்புத் தண்ணிதான் வெளிய போகுது. நீங்க அதுக்கும் குடிக்க மாட்டேங்குறீங்க. இப்பிடியே போனா கிட்னி என்னத்துக்கு ஆகும்? படிச்சவங்கதானே நீங்க?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் ஆறியபின், "நீங்களா மாத்திரைய நிறுத்தாம என்கிட்ட வந்தீங்க பாருங்க, அது நல்லது" என்றார்.

மெதுவாகக் கரையும் மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். அளவைக் குறைத்து, இரவுச் சாப்பாட்டோடு மட்டும் போடச் சொன்னார். பொறுத்துப் பார்த்துப் பிறகு கூட்டலாம் என்றார். நீரிழப்புக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி, அதை எப்படிக் கரைப்பது, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் எல்லாம் சொன்னார். "வயிறு பழகக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் நல்லாத் தண்ணி குடிக்கணும், பாத்ரூம் கிட்டத்துல இருக்கணும். இதையும் மருந்துன்னே நெனச்சுக்கங்க."

முதல் மருந்து மருந்துக் கடையில் கிடைத்தது. இன்னொன்று தலைமையாசிரியரின் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளி மிஷன் பள்ளி. திங்கட்கிழமை காலையில் மணியடிக்கும் முன் ஆசிரியர்கள் எல்லோரும் கூடி ஜெபம் செய்வோம். அதற்கு முன் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மாமனாருக்கு ஆபரேஷன், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இப்படி. தனக்கே ஏதாவது என்றால் "சரீரத்தில் ஒரு பலவீனம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பட்டும் படாமலும் சொல்வது வழக்கம். அதில் ஜலதோஷமும் அடங்கும், புற்றுநோயும் அடங்கும். கடவுளுக்குத் தெரியும் என்பதால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

"எனக்குச் சர்க்கரை. அதுக்குப் போடுற மாத்திரையில வயித்துப்போக்கு. ஜெபமும் வேணும், சாவியும் வேணும்."

ஆண் ஆசிரியர்கள் சொல்லிவைத்தாற்போல் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது ஓடவில்லை, மின்சாரம் இல்லை. தலைமையாசிரியர் வேதாகமத்தைத் திறந்து மூடினார்.

"டீச்சர்... இதத் தனியாப் பேசிக்கலாமே."

"இம்புட்டு வருசமா தனியா வந்துதான் சார் வாசல்ல நிக்கிறோம். 'சார்'ங்குறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனதில்ல. டாக்டர் தண்ணி குடின்னு சொல்லியிருக்காங்க. குடிச்சா போகணும். போறதுக்கு ஒங்க தலைக்கு மேல கைய நீட்ட இனிமே என்னால முடியாது."

"தொறந்து போட்டா ரோட்டுல போறவங்கல்லாம் வந்துருவாங்க டீச்சர். தொட்டித் தண்ணி மதியத்துக்குள்ள காலியாயிரும். அதுக்குத்தான சாவி. மத்தபடி எனக்கென்ன ஆசையா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாவிக்குக் காரணம் இருந்தது. அது அவர் முதுகுக்குப் பின்னால் தொங்குவதற்குத்தான் காரணம் இல்லை.

"பூட்டு இருக்கட்டும் சார். சாவி ஸ்டாஃப் ரூம்ல தொங்கட்டும்."

"நிர்வாகத்துக்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஒரு சாவிய அடுத்த ரூம்ல மாட்டுறதுக்கு நிர்வாகம் எதுக்கு சார்?"

அவர் மறுபடியும் வேதாகமத்தைத் திறந்தார். தனியாக நிற்கிறேனோ என்று பயந்தேன். அப்போது அறிவியல் டீச்சர் எழுந்தாள். அவள் முறை இன்னும் வரவில்லை.

"எனக்கும் அதே ஜெபக்குறிப்புதான் சார். நீர்க்கடுப்பு. வேலைக்கு வந்ததுல இருந்து விட்டு விட்டு வந்துக்கிட்டே இருக்கு." பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள், என்னிடம்கூடச் சொன்னதில்லை.

ஓரத்திலிருந்து கணக்கு டீச்சர், ஓய்வு பெறப்போகிறவர், கண்ணை மூடிக்கொண்டே "ஆமென்" என்றார்.

ஆமென் சொன்ன பிறகு எங்கள் பள்ளியில் எதையும் திருப்பி எடுக்க முடியாது. ஜெபம் முடிந்ததும் நானே போய்ச் சாவியை எடுத்துவந்து ஸ்டாஃப் ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். மரக்கட்டையைக் கழற்றிவிட்டேன். இப்போது சாவி உள்ளங்கைக்குள் அடங்கும்.

வயிறு உடனே சரியாகிவிடவில்லை. சில நாள் சொல்பேச்சுக் கேட்டது, சில நாள் கேட்கவில்லை. நான் காலையில் பதறாமல் இரண்டு இட்லி சாப்பிட்டு, பெரிய பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேலூரில் தேவைப்பட்டால் இறங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனேன். மெல்ல மெல்லப் பழகியது. சர்க்கரையும் இறங்க ஆரம்பித்தது. விருப்ப ஓய்வு என்ற பேச்சை என் வீட்டுக்காரர் எடுப்பதில்லை. மாதுளம் பழத்தோல் மட்டும் மொட்டை மாடியில் இன்னும் காய்கிறது.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை நடுவில் நிறுத்தி, பாட்டிலைத் திறந்து, நின்றபடியே கால்வாசி குடித்தேன். முதல் வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். "டீச்சர் தண்ணி குடிக்கிறாங்கடி!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நீங்களும் குடிங்க. வெயில் எப்பிடி அடிக்குது" என்றேன்.

யாரும் குடிக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். பெஞ்சுகளின் ஓரத்தில் நீலமும் ரோஸுமாக அவர்களுடைய பாட்டில்கள் வரிசையாக நின்றன. மதியம் தாண்டியிருந்தது. எல்லாமே கழுத்துவரை நிறைந்திருந்தன.

"ஏம்மா? தாகமா இல்லையா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்திதான் எழுந்து சொன்னாள்: "எங்க பாத்ரூமும் பூட்டித்தேன் டீச்சர் கெடக்கும். இன்டர்வல்ல மட்டும்தான் தொறப்பாங்க. அப்ப கூட்டமா இருக்கும், பாதிப்பேரு போறதுக்குள்ள மணியடிச்சிரும். அதேன் குடிக்கிறதில்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தேன் குடிப்போம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஊருக்கு எந்தப் பஸ் போகும் என்று கேட்டால் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொண்டதை இவர்கள் எப்போதோ கற்று முடித்திருந்தார்கள். சாக்பீஸை மேசை மேல் வைத்தேன்.

"நான் வர்றதுக்குள்ள ஆளுக்குப் பாதி பாட்டில் காலியாகணும்" என்றேன்.

மைதானத்தைக் கடந்து தலைமையாசிரியர் அறைக்கு நடந்தேன். வயிறு அமைதியாக இருந்தது. எந்த அவசரமும் இல்லாமல் நிதானமாகத்தான் நடந்தேன். வாசலில் நின்று "சார்" என்றேன். அவர் பழக்கதோஷத்தில், தலை நிமிராமலே, நாற்காலியில் முன்னால் குனிந்து எனக்கு வழிவிட்டார். பின்னால் ஆணி காலியாக இருந்தது.

"அது இல்ல சார்" என்றேன். "பிள்ளைங்க சாவி எங்க இருக்கு?"